செவிலியரின் பொறுமையும் சமூகத்தின் பொறுப்பும்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் சிற்றூர் புளியறை. வயல்களுக்கு நடுவே வரும் சாலை இவ்வூரைத் தாண்டியதும் வளைந்து வளைந்து மேலேறி ஆரியங்காவுக் கணவாயை அடைகின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது முதல் புளியறை தமிழகத்தின் எல்லையூராக இருந்து வருகின்றது. காய்கறி ஏற்றிய லாரிகளும் பயணிகள் பேருந்துகளும் இரவு பகலாக இவ்வழியே கடந்து செல்கின்றன.

மனிதர்களும் சரக்கும் செல்லும் வழியிலேயே நோயும் செல்கின்றது. கேரளத்தில் நிபாவோ பறவைக் காய்ச்சலோ தலைகாட்டும்போதெல்லாம் புளியறைச் சோதனைச் சாவடியில் வாகனங்களும் பயணிகளும் கண்காணிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. இந்தியாவின் முதல் கொரோனாத் தொற்று 2020ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் கேரளத்தின் திருச்சூரில் உறுதி செய்யப்பட்டது. அதன்பின் இந்த எல்லைச் சாவடி நாடறிந்த காட்சியாயிற்று. சாவடியில் காய்ச்சல் கண்டறியப்பட்ட ஒருவர் அடுத்துச் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை. அங்கே அவரை ஏற்று, படுக்கையருகே இரவு முழுவதும் விழித்திருப்பவர் செவிலியர். சாவடியைப் பற்றிச் செய்திகள் பல வந்தன. அந்தப் படுக்கையருகே நின்றவரின் மனநிலையைப் பற்றி நாம் சிந்தித்தது குறைவு.

மலைக்கு அப்பால் 2018ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பணிபுரிந்த லினி புதுசேரி என்னும் செவிலியர், நிபா நோயாளி ஒருவருக்குப் பணிவிடை செய்ததில் தாமும் நோய்க்கு ஆளாகி மே மாதம் 21ஆம் நாள் உயிர்நீத்தார். படுக்கையிலிருந்தவாறே தம் கணவருக்கு அவர் எழுதிய சிறு மடல் நாட்டையே உருக்கியது. பிள்ளைகளைப் பற்றிய கவலையே அம்மடலின் உள்ளடக்கம். தம் பணியைக் குறையின்றிச் செய்த ஒருவர், அதே வேளையில் தம் பிள்ளைகளை எண்ணி நடுங்கியும் இருந்தார். கொள்ளைநோய்க் காலத்தில் ஒவ்வொரு செவிலியரின் உள்ளத்திலும் இவ்விரண்டும் ஒருங்கே குடியிருக்கின்றன. இந்நிலையை அவர்கள் எவ்வாறு தாங்குகின்றனர்? அதைத் தாங்கச் செய்யும் பொறுப்பு யாருடையது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

சுமையின் இயல்பு

செவிலியர் பணி எக்காலத்திலும் கடினமானதுதான். ஆயினும் கொள்ளைநோய்க் காலத்தில் அதன் கடினம் அளவில் கூடுவதோடு தன்மையிலும் மாறிவிடுகின்றது. அச்சுமையை ஐந்தாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது அச்சம். தமக்கு நோய் வருமோ என்பதைவிட, வீட்டிலுள்ள முதியோருக்கும் குழந்தைகளுக்கும் தாமே அதைக் கொண்டு சென்றுவிடுவோமோ என்னும் அச்சம் பெரிது. இரண்டாவது உடல் வருத்தம். காற்றுப் புகாத பாதுகாப்புக் கவச உடையை அணிந்தபின் தண்ணீர் அருந்தவோ கழிப்பறைக்குச் செல்லவோ இயலாது. கண்ணாடி மூடுபனி படர்ந்தது போல் மங்கும். வியர்வை உடலெங்கும் வழியும். தென்காசி வெயிலில் அவ்வுடைக்குள் சில மணி நேரம் நிற்பது எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, செய்ய வேண்டியதைச் செய்ய இயலாத வேதனை. 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் படுக்கைகள் நிரம்பி வழிந்தன. நோயாளிகளைச் சுமந்த ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசல்களில் வரிசையாகக் காத்திருந்தன. இன்ன நோயாளிக்கு இன்னது தேவை என்று அறிந்திருந்தும் அதைக் கொடுக்க முடியாமல் நிற்கும்போது உள்ளத்தில் ஏற்படும் காயம், களைப்பினும் வேறானது. வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே எழுதிய நூல்களால் பரவலாக அறியப்பட்ட ‘அறநெறிக் காயம்’ என்னும் கருத்தை இன்று மருத்துவத் துறையினரும் தம் நிலையைச் சுட்டப் பயன்படுத்துகின்றனர். உறவினர் எவரும் அருகில் இல்லாது இறந்தோரின் இறுதி மூச்சுக்குச் சாட்சியாக நின்றதும் இக்காயத்தின் ஒரு பகுதியே.

நான்காவது ஊராரின் புறக்கணிப்பு. மருத்துவமனையில் பணிபுரிகின்றார் என்பதற்காகவே வீட்டைக் காலி செய்யுமாறு கேட்கப்பட்ட நிகழ்வுகள் நாட்டின் பல நகரங்களில் நடந்தன. 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யச் சென்றோர் தாக்கப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. ஐந்தாவது பணியின் நிலையாமை. ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டவர், நோயாளியின் உயிரைக் காக்கும் அதே வேளையில் அடுத்த மாதம் தமக்கு வேலை உண்டா என்பதையும் எண்ண வேண்டியிருந்தது.

ஆய்வுகள் தரும் விளக்கம்

பணிச்சுமையால் உள்ளம் எரிந்து தீர்ந்துபோகும் நிலையை 1974ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் எடுத்துரைத்தார். கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அறிஞர் 1981இல் தம் சகாவுடன் சேர்ந்து அதை அளக்கும் முறையொன்றை வகுத்தார். அவர் காட்டும் அறிகுறிகள் மூன்று: உள்ளத்தின் ஆற்றல் வற்றிப்போதல், தாம் பணிவிடை செய்யும் மனிதரிடமிருந்து மனத்தால் விலகிப்போதல், தம் உழைப்பால் பயனில்லை என்ற எண்ணம் தோன்றுதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைப் பணியிடம் சார்ந்த ஒரு நிலை என்றே வரையறுத்தது. நோய்களின் வரிசையில் சேர்க்கவில்லை. முறையாகக் கையாளப்படாத பணியிட நெருக்கடியே அதன் மூலம் என்றும் குறிப்பிட்டது. இவ்வரையறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. குறை, தளர்ந்துபோன மனிதரிடம் இருப்பதாக அது கூறவில்லை. பணியிடத்தை நோக்கியே விரலை நீட்டுகின்றது.

கொரோனா தொடங்கிய வேளையில், 2020 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் சீனாவின் 34 மருத்துவமனைகளைச் சார்ந்த 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. பங்கேற்றோரில் பெரும்பான்மையினர் செவிலியரே. 50.4 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 44.6 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், 34 விழுக்காட்டினரிடம் தூக்கமின்மையும் காணப்பட்டன. செவிலியர், பெண்கள், நோயாளியை நேரடியாகக் கவனிப்போர் ஆகியோரிடம் இவை கடுமையாக இருந்தன. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது. எனவே அவர்களது அச்சம் வீண் அச்சம் என்று எவரும் கூறிவிட முடியாது.

செவிலியர் கையாளும் வழிகள்

நெருக்கடியை மனிதர் எதிர்கொள்ளும் வழிகளை லாசரஸ், ஃபோக்மன் என்னும் இரு அறிஞர்கள் 1984இல் வெளியிட்ட நூலில் இரண்டாகப் பகுத்தனர். சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று. மாற்ற இயலாத சிக்கல் உள்ளத்தில் எழுப்பும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. அனுபவமிக்க செவிலியர் இவ்விரண்டையும் இடமறிந்து கையாளுகின்றனர்.

கவச உடையை அணியும்போதும் கழற்றும்போதும் இருவர் இருவராக நின்று ஒருவரையொருவர் சரிபார்ப்பது முதல் வகையைச் சார்ந்தது. அணிவதைவிடக் கழற்றும்போதே தொற்றும் வாய்ப்பு மிகுதி. ஆகவே அந்த இரண்டாவது கண் உயிர்காக்கும் கண். அத்துடன் ‘தனியாக இல்லை’ என்ற தெம்பையும் அது தருகின்றது. பணி முடிந்ததும் உடையை மாற்றி, குளித்து, அதன்பின் வீட்டுக்குள் நுழைவதும், வீட்டில் தனியறையில் தங்குவதும் அச்சத்தைச் செயலாக மாற்றும் வழிகளே. பணி மாறும்போது நோயாளிகளின் நிலையை ஒன்றுவிடாமல் அடுத்தவரிடம் ஒப்படைத்தவர், வீடு திரும்பிய பின்னும் வார்டையே மனத்தில் சுமந்து திரிய வேண்டிய தேவை குறைகின்றது.

பணிநேரத்தில் அடக்கிய அழுகையைச் சக செவிலியரின் தோளில் கொட்டித் தீர்ப்பது இரண்டாம் வகை. பிள்ளைகளின் முகத்தைச் செல்பேசியில் பார்ப்பதும், தேநீர் வேளையில் பேசும் நகைச்சுவையும், பிரார்த்தனையும் அவ்வாறே. முஸ்லிம் செவிலியருக்கு இதில் தனியொரு சிக்கலும் எழுந்தது. அணிந்த கவசத்தைத் தொழுகைக்காகக் கழற்றினால் அதை மீண்டும் அணிய இயலாது. இத்தகையோர் இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழலாம் என்று மார்க்க அறிஞர் பலர் விளக்கமளித்தனர். 2020ஆம் ஆண்டின் ரமளான் ஊரடங்குக்கு நடுவில் வந்தபோது இவ்விளக்கம் பலருடைய மனச்சுமையைக் குறைத்தது.

எல்லா வழிகளும் நலம் பயப்பவை அல்ல. 1960ஆம் ஆண்டையொட்டி லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர், வியக்கத்தக்க ஓர் உண்மையைக் கண்டார். நோயாளியின் துன்பம் தம்மைத் தாக்காதிருக்க, அம்மருத்துவமனையின் நடைமுறையே செவிலியரை நோயாளியிடமிருந்து விலக்கி வைத்திருந்தது. பணிகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நோயாளிகள் பெயரால் அன்றிப் படுக்கை எண்ணாலோ நோயுற்ற உறுப்பாலோ சுட்டப்பட்டனர். இதனால் வேதனை அப்போதைக்கு மறைந்தது. ஆனால் பணியில் கிடைக்க வேண்டிய மனநிறைவும் உடன் மறைந்தது. பயிற்சி பெற வந்த மாணவியர் பலர் இடையிலேயே விலகினர். கவச உடைக்குள் முகமே தெரியாத கொரோனா வார்டுகளில், தம் பெயரை மார்பில் எழுதி ஒட்டிக்கொண்டும் நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தும் பணிபுரிந்த செவிலியர், இந்த விலகலுக்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தனர். நோயாளிக்கு நலம் தந்த அச்செயல் அவர்களுக்கும் நலம் தந்தது.

தனிமனித முயற்சியின் எல்லை

2003ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரை சார்ஸ் நோய் தாக்கியபோது செவிலியர் இருவர் உயிரிழந்தனர். நோய் ஓய்ந்து ஓராண்டுக்கும் மேலான பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில், சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் பணியாளர்கள் பிற மருத்துவமனையினரைவிட மிகுந்த தளர்வுடன் இருப்பது தெரியவந்தது. தன்னையே பழித்தல், சிக்கலைக் கண்டும் காணாததுபோல் ஒதுங்குதல் ஆகிய வழிகளை நாடியோர் நீண்ட காலம் துன்புற்றனர். தமக்குக் கிடைத்த பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமானவை என்று உணர்ந்தோர் பெரிதும் தப்பினர்.

அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்னும் செவிலிய அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை அவர்கள் ஆராய்ந்தனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுதலாகும் ஒவ்வொரு முறையும், அச்செவிலியர் தளர்வுறும் வாய்ப்பு 23 விழுக்காடு உயர்ந்தது. அறுவைச் சிகிச்சை பெற்ற நோயாளி 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு உயர்ந்தது. செவிலியரின் சோர்வும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. செவிலியர் ஒருவருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது.

மூச்சுப் பயிற்சியும் மனநல ஆலோசனையும் பயனற்றவை என்று நாம் கூற வரவில்லை. பத்து நோயாளிகளைப் பார்க்க வேண்டியவர் முப்பது பேரைப் பார்க்கும்போது, அவருக்கு முதலில் தேவைப்படுபவர் இன்னொரு செவிலியர். அதற்கடுத்துத் தேவைப்படுவன தரமான முகக்கவசம், அளவான பணிநேரம், தடையற்ற உறக்கம், குறையைச் சொன்னால் செவிமடுக்கும் மேலதிகாரி ஆகியனவே.

தமிழகம் கண்ட அனுபவம்

தென்காசி 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நான்கு மாதங்களுக்குள் கொள்ளைநோய் வந்து சேர்ந்தது. பெரிய சிகிச்சைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம்பியிருந்த பகுதி இது. இத்தகைய மாவட்டங்களில் அரசு மருத்துவமனைச் செவிலியரும், வீடு வீடாகச் சென்ற கிராம சுகாதாரச் செவிலியரும் தாங்கிய சுமை பெருநகரங்களின் சுமைக்குக் குறைந்ததன்று. கொரோனா வந்ததென்பதற்காகப் பிரசவங்களோ குழந்தைகளுக்கான தடுப்பூசியோ நின்றுவிடவில்லை. பழைய பணியின் மேல் புதிய பணி ஏறியது.

சமூகம் நன்றி பாராட்டாமல் இல்லை. 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாடெங்கும் மக்கள் கைதட்டினர். மே 3ஆம் நாள் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. பயனுள்ள நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டன. மருத்துவப் பணியாளருக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை மத்திய அரசு அறிவித்தது. அவர்களைத் தாக்குவோருக்குக் கடும் சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் 2020 ஏப்ரலில் வந்தது. 2021இன் இரண்டாம் அலையின்போது தமிழக அரசு செவிலியருக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது.

ஆனால் அலை ஓய்ந்தபின் நிகழ்ந்ததையும் பதிவு செய்தாக வேண்டும். நோய்த்தொற்றுக் காலத்தில் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் நாளுடன் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. புத்தாண்டின் முதல் நாள்களில் அவர்கள் வீதியில் நின்று போராடினர். மாற்றுப் பணிகள் பற்றி அரசு பின்னர் அறிவித்தது உண்மையே. எனினும் மலர் தூவப்பட்ட கைகளே இரண்டரை ஆண்டுகளில் கோரிக்கை அட்டை ஏந்த நேர்ந்தது, நம் நன்றியின் ஆழம் எவ்வளவு என்பதைக் காட்டிவிட்டது.

நம் மரபு காட்டும் நெறி

இஸ்லாமிய வரலாற்றில் செவிலியம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஒன்றன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாவின் பள்ளிவாசலில் அமைக்கப்பட்ட ருஃபைதா (ரலி) என்னும் அம்மையாரின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்கப்பட்டதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கி.பி. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனையில், ஆண் நோயாளிகளுக்கு ஆண்களும் பெண் நோயாளிகளுக்குப் பெண்களும் பணியாளர்களாக அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கான ஊதியம் வக்ஃபு வருவாயிலிருந்து வழங்கப்பட்டது. பணிவிடைக்கு மறுமையில் நன்மை உண்டு என்று நம்பிய அச்சமூகம், அதைக் காரணம் காட்டி இம்மையில் கூலியைக் குறைத்துவிடவில்லை.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் ஷாம் நாட்டை அலைக்கழித்த அம்வாஸ் கொள்ளைநோய் நமக்கு நன்கு தெரிந்த வரலாறு. தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும், அவரையடுத்துப் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அந்நோயில் இறந்தனர். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லுமாறு பணித்தார். அதன்பின் நோய் தணிந்தது என்பர் வரலாற்றாசிரியர்கள். பொறுத்திருங்கள் என்று மக்களிடம் கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. அவர்கள் பொறுக்க வேண்டியதன் அளவையே குறைத்தார். ஸப்ர் என்னும் பொறுமை, துன்புறுபவர் தமக்குத்தாமே தேடிக்கொள்ளும் அணிகலன். அதிகாரத்தில் இருப்பவர் அதனைப் பிறர் மீது சுமத்தும் ஆணையாக மாற்றலாகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்னும் சமூகக் கடமைகளுள் வைக்கின்றார். சிலர் அதை நிறைவேற்றினால் மற்றவர் மீதிருந்து பொறுப்பு நீங்கிவிடும். எவரும் செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகள். இதன் மறுபக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் அனைவர் மீதிருந்த கடமையைச் செவிலியர் தம் தோளில் ஏற்றதால்தான் நாம் வீட்டிற்குள் பாதுகாப்பாக இருந்தோம். அவ்வகையில் நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

நாம் செய்யத்தக்கவை

இக்கடனைத் தீர்க்கும் வழிகள் நம் கைக்கெட்டாதவை அல்ல. செவிலியர் ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் தயங்காமல் கொடுப்பது முதல் வழி. நோய்க்காலத்தில் அவர் வீட்டு முதியோருக்கும் குழந்தைகளுக்கும் உணவும் துணையும் தருவதை ஜமாஅத்துகள் தம் பணியாகக் கொள்ளலாம். நம் சமூகத்தார் நடத்தும் மருத்துவமனைகள், செவிலியருக்கு உரிய ஊதியமும் ஓய்வும் எண்ணிக்கையும் உள்ளனவா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். இரவுப் பணி உண்டு என்பதற்காக நம் பெண்களைச் செவிலியக் கல்விக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள், நம் வீட்டுப் பெண்கள் நோயுற்றால் அவர்களைக் கவனிக்க இரவில் விழித்திருப்பவரும் ஒரு வீட்டுப் பெண்ணே என்பதை நினைக்கலாம். குடிமக்கள் என்ற முறையில், காலியாக உள்ள செவிலியர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும் என்று நோயற்ற காலத்திலேயே குரல் கொடுக்கலாம். நோய் வந்தபின் ஆள் தேடுவது, தீப்பற்றியபின் கிணறு வெட்டுவதை ஒக்கும்.

புளியறை வழியாக லாரிகளும் பேருந்துகளும் இன்றும் சென்றுகொண்டிருக்கின்றன. மலைக்கு அப்பாலிருந்தோ இப்பாலிருந்தோ இன்னொரு நோய் ஒருநாள் அவ்வழியே வரக்கூடும். சாவடியில் அதைக் கண்டறியக் கருவிகள் இருக்கும். தென்காசியின் வார்டில் அன்றிரவு பணியில் இருக்கும் செவிலியர் உறங்கி எழுந்து வந்தவரா, மாற்றுவதற்கு ஆளின்றித் தொடர்ந்து நிற்பவரா என்பதைத் தீர்மானிக்கும் காலம் இப்போதே. அல்லாஹ் அவர்களின் உழைப்பை ஏற்று, நம் கடமையை நாம் உணரச் செய்வானாக.